எண்டோஸ்கோபி ரூமுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஸ்கோப் கழுவும் வேலையை முதல் நாளிலிருந்தே சரியாகச் செய்ய

“ஏம்மா, எனக்கு முன்னாடி இதை யாரு வாயில வுட்டீங்க?”

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு பாட்டி கேட்டது இது. ஸ்கோப் என்ற கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு வயிறு, குடல் பார்க்கும் ஸ்கோப்பி ரூமில் நான் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. “எல்லாம் மருந்துல ஊறப்போட்டுத்தான் எடுக்கிறோம் பாட்டி” என்று சமாளித்தேன். சொல்லும்போதே உள்ளுக்குள் உறுத்தியது, ஏனென்றால் முந்தைய நோயாளிக்கும் இவருக்கும் நடுவில் பத்து நிமிடம்கூட இல்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து குடிக்கிற ஊர் நம்முடையது, அடுத்தவர் எச்சில் பட்ட டம்ளரைக் கழுவாமல் யாருக்கும் நீட்ட மாட்டோம். பாட்டி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஆறு வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்த எனக்கு இங்கே கிடைத்த பயிற்சி, இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அதற்கப்புறம் ஒரு ஸ்கோப்பைப் பழுதாக்கி, ஒரு கல்ச்சரில் (லேபில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வந்து, ராத்திரி தூக்கம் கெட்டு, மேனுவலை வரி வரியாகப் படித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் என்று நம் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் இப்போது ஸ்கோப்பி வந்துவிட்டது. அங்கே புதிதாக நிறுத்தப்படும் சிஸ்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கோப்பை ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி கொல்லும் கருவி) வைக்க முடியாது, உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும் லென்ஸும் அந்தச் சூட்டைத் தாங்காது. அதனால் கைக் கழுவல், கெமிக்கல் (கிருமிநாசினியில் ஊறவைப்பது), உலர்த்தல் மூன்றையும் நம்பித்தான் அடுத்த நோயாளியின் வயிற்றுக்குள் அதை அனுப்புகிறோம். ஸ்கோப் வழியாகப் பரவியதாகப் பதிவான சால்மொனெல்லா, சூடோமோனாஸ், ஹெபடைட்டிஸ் பி, சி தொற்றுகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தபோது இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் யாரோ தவறவிட்டிருந்தார்கள்.

1. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

உங்கள் ஸ்கோப்பின் மாடலுக்கான கழுவும் முறை மேனுவல். பொதுவான ஏதோ ஒரு மேனுவல் இருந்தால் போதாது, அந்த மாடல் எண் போட்டதுதான் வேண்டும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கே மூடியும் அடாப்டரும் மாறும். ஆஸ்பத்திரியில் தொலைத்திருப்பார்கள். சர்வீஸ் இன்ஜினியரிடம் கேட்டால் பிடிஎஃப் அனுப்பிவிடுவார், நாங்கள் கேட்ட அன்று மாலையே வந்தது.

உங்களுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டை. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ், அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10க்கு மேல் வந்திருக்கிறதா என்ற ரிப்போர்ட். ஆறு மாதம் ஓடும் விஷயம் என்பதால் சேர்ந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரிஜிஸ்டர். தேதி, நோயாளி எண், ஸ்கோப்பின் சீரியல் நம்பர், லீக் டெஸ்ட் (ஸ்கோப்பில் ஓட்டை இருக்கிறதா என்ற சோதனை) முடிவு, கெமிக்கலில் போட்ட நேரம், எடுத்த நேரம், கெமிக்கலின் வீரியம் பார்க்கும் ஸ்ட்ரிப்பின் முடிவு, கையெழுத்து. சீரியல் நம்பர் இல்லாத ரிஜிஸ்டரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. நாளைக்கு ஒரு ஸ்கோப்பில் கிருமி இருப்பது தெரிந்தால், அதை யார் யாருக்குப் போட்டோம் என்று தேட வேறு வழியே இல்லை. மாலையில் உட்கார்ந்து நாள் முழுக்க நடந்ததை மொத்தமாக எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதில் சேராதீர்கள்.

2. நேரக் கணக்கை டாக்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்

எங்கள் ரூமில் நடந்த தவறுகளுக்கெல்லாம் வேர் அவசரம்தான். காலையில் பதினைந்து பேர் வெறும் வயிற்றில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள், டாக்டருக்குப் பதினோரு மணிக்கு வேறு ஊரில் ஓபி. கைகள் தானாகவே குறுக்கு வழி தேடும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் காட்டிய கணக்கு இது: கட்டில் பக்கக் கழுவல் 3 நிமிடம், லீக் டெஸ்ட் 5, பிரஷ் போட்டுக் கழுவுவது 15, அலசல் 3, கெமிக்கல் 12 முதல் 20, மறுபடி அலசல் 5, ஆல்கஹாலும் காற்றும் 10. கூட்டினால் ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஸ்கோப்பி செய்யும் நேரத்தையும் சேர்த்தால் ஒரே ஒரு ஸ்கோப்பை வைத்துக்கொண்டு நான்கு மணி நேரத்தில் மூன்று, நான்கு பேருக்கு மேல் பார்க்க முடியாது. இரண்டு ஸ்கோப் இருந்தால் ஏழெட்டுப் பேர். எங்கள் டாக்டர் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார், மறுநாளே அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு லிஸ்டைப் பிரிக்கச் சொன்னார். வாயால் சொன்னபோது கோபப்பட்டவர், கணக்காகப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். நீங்களும் எழுதியே காட்டுங்கள். தை அறுவடை முடிந்ததும், அதுவரை வயிற்று வலியைத் தள்ளிப் போட்டவர்களெல்லாம் ஒரே சமயத்தில் வருவார்கள். அந்த மாதத்துக்கு முன்னாலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

3. கட்டில் பக்கத்திலேயே முதல் கழுவல்

ஸ்கோப்பை வெளியே எடுத்த கையோடு, லைட் சோர்ஸிலிருந்து கழற்றும் முன், என்சைம் சொல்யூஷனில் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் குழாயை மேலிருந்து நுனி வரைக்கும் துடையுங்கள். அதே சொல்யூஷனைச் சக்ஷன் (உறிஞ்சும் துளை) வழியாக இழுங்கள், தெளிவாக வரும் வரை. காற்று, தண்ணீர்ச் சானலையும் (சானல் என்றால் ஸ்கோப்புக்குள் ஓடும் மெல்லிய துளை) அதற்கான வால்வைப் போட்டு அலசுங்கள். மொத்தம் மூன்று நிமிடம் ஆகும். இதை விட்டுவிட்டால் ரத்தமும் சளியும் சானலுக்குள் காய்ந்துவிடும். காய்ந்ததை எடுப்பது அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்ப்பது மாதிரி, அதுவும் சில மில்லிமீட்டரே இருக்கும் துளைக்குள். முழுக் கழுவலை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், தாண்டிப்போனால் மேனுவலில் தாமதத்துக்கென்று தனி முறை இருக்கும்.

கழுவும் இடத்துக்கு மூடி போட்ட தட்டில்தான் எடுத்துப் போக வேண்டும். தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

4. லீக் டெஸ்ட்

நான் பணம் கட்டாமல் தப்பித்த இடம் இது. ஒரு நோயாளிக்கு மவுத்கார்டு நழுவி ஸ்கோப்பைக் கடித்துவிட்டார். மேலே பார்த்தால் லேசாக ஒரு பல் தடம், அவ்வளவுதான். லீக் டெஸ்ட் போடாமல் நான் அதைத் தொட்டியில் அமுக்கிவிட்டேன். மறுநாள் படம் புகை மூடினது மாதிரி வந்தது, மதியத்துக்குள் திரை கறுத்துவிட்டது. சென்னைக்கு அனுப்பினோம், ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டேஷன், மூன்று வாரம் ஸ்கோப் இல்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரம் எத்தனை பேரைத் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் திருப்பி அனுப்பினோம் என்று நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

முறை இதுதான். வால்வுகளையெல்லாம் கழற்றுங்கள். உங்கள் மாடலுக்குத் தண்ணீர் புகாத மூடி தேவை என்றால் அதை மாட்டுங்கள். லீக் டெஸ்டரை இணைத்துக் காற்றேற்றி, முதலில் தண்ணீரில் போடாமல் நுனி உப்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் வெறும் தண்ணீரில் முக்கி, நுனியை நான்கு பக்கமும் வளைத்து வளைத்துப் பாருங்கள், ஏனென்றால் நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும் ஓட்டை வளைத்தால்தான் திறக்கும். தொடர்ச்சியாகக் குமிழ் வந்தால் லீக், அதை அன்றைக்கே உபயோகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முடித்ததும் ஸ்கோப்பைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான் ஏற்றிய காற்றை வெளியேற்ற வேண்டும். தண்ணீருக்குள்ளேயே டெஸ்டரைக் கழற்றினால் நீங்களே உள்ளே தண்ணீர் ஏற்றின கணக்காகிவிடும். ஓட்டை ஸ்கோப் பழுதாவது ஒரு பக்கம், அந்த ஓட்டை வழியே உள்ளே போன அழுக்கை எந்தக் கெமிக்கலாலும் தொட முடியாது என்பது இன்னொரு பக்கம்.

5. பிரஷ், இதுதான் முழு வேலையும்

குளூட்டரால்டிஹைடு, நாமெல்லாம் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சைடெக்ஸ் என்றே சொல்கிறோமே, அது அழுக்கைக் கரைக்காது. புரதத்தை இறுக்கி ஒட்டவைத்துவிடும். கழுவாத ஸ்கோப்பை அதில் போடுவது சாணியை மெழுகிக் காயவைப்பது மாதிரிதான். இறுகிய அழுக்குக்கு அடியில் கிருமிகள் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் ஊறப்போட்டாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

என்சைம் சொல்யூஷனை லேபிளில் சொன்ன அளவுக்குக் கலந்து, ஸ்கோப் முழுதையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தேயுங்கள், வெளியே எடுத்துத் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். பிரஷ் போகும் வழிகள் பெரும்பாலான ஸ்கோப்பில் மூன்று. சக்ஷன் வால்வுத் துளையின் பக்கச் சுவரில் இருக்கும் வாயில் 45 டிகிரி சாய்த்து விட்டால் நுனி வரை போய் வெளியே வரும். அதே துளையில் நேராக விட்டால், லைட் சோர்ஸில் செருகும் கனெக்டர் பக்கம் வரும். மூன்றாவது, கருவிகளை உள்ளே விடும் பயாப்சி வாய்க்குக் குட்டைப் பிரஷ். ஒவ்வொரு தடவையும் நுனியில் வெளிவந்த பிரஷ் தலையை விரலால் கழுவிவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும். அழுக்கில்லாமல் வரும் வரை விடாதீர்கள்.

இரண்டாவது வழியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நானும் இரண்டு நாள் பார்த்துக் கற்றபோது அதைப் பார்க்கவே இல்லை. மேனுவல் வந்த அன்று, “கழுவி முடித்தது” என்று தொங்கிக்கொண்டிருந்த கோலனோஸ்கோப்பை (பெருங்குடல் பார்க்கும் ஸ்கோப்) எடுத்து அந்த வழியில் பிரஷ் விட்டேன். வெளியே வந்த பிரஷ்ஷின் மயிர்களுக்கு நடுவில் காப்பித் தூள் மாதிரி கரும்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன், கோடு விழுந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பிரஷ்ஷின் பருமன் சானலுக்குப் பொருந்த வேண்டும். இரைப்பை பார்க்கும் கேஸ்ட்ரோஸ்கோப்புக்குப் பொதுவாக 2.8 மில்லிமீட்டர் சானல், கோலனோஸ்கோப்புக்கு 3.7 மாதிரி. சின்னப் பிரஷ் பெரிய சானலில் சுவரைத் தொடாமலேயே போய்விட்டு வரும். ஒருமுறை உபயோகிக்கும் பிரஷ் என்றால் ஒருமுறைதான். என்சைம் சொல்யூஷனும் ஒரு ஸ்கோப்புக்கு ஒரு தொட்டி, அடுத்ததற்குப் புதிது. ஸ்கோப் கழுவும் மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரியிலும் இந்தக் கை வேலை குறையாது. மெஷின் கெமிக்கலைத்தான் பார்த்துக்கொள்ளும்.

6. கெமிக்கலும் கடிகாரமும்

அலசி, வெளிப்பக்க ஈரத்தை ஒற்றி, சானலுக்குள் இருக்கும் தண்ணீரைக் காற்றால் தள்ளிவிட்டுப் போடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் ஒவ்வொரு ஸ்கோப்பும் தொட்டியை நீர்த்துப்போக வைக்கும். சிரிஞ்சால் எல்லாச் சானலையும் குமிழ் நிற்கும் வரை கெமிக்கலால் நிரப்ப வேண்டும், உள்ளே காற்று நின்ற இடத்தில் கெமிக்கல் படவே படாது.

2 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் 20 டிகிரியில் 20 நிமிடம். காசநோய்க் கிருமிக்கும் சேர்த்துத்தான் அந்த நேரம், அதனால் நம் ஊரில் அதைக் குறைக்கவே கூடாது. ஓபிஏ என்ற இன்னொரு கிருமிநாசினிக்கு (ஆர்த்தோ தாலால்டிஹைடு) நாட்டுக்கு நாடு லேபிளில் 5 முதல் 12 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். உங்கள் கேனில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் குறையாமல் வையுங்கள், நாங்கள் 12 வைத்திருக்கிறோம். சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள்.

திறந்த அல்லது ஆக்டிவேட் செய்த தேதியைத் தொட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தொட்டியில் ஊற்றிய கெமிக்கலுக்குப் பொதுவாக 14 நாள் என்பது அதிகபட்சம், அதற்கு முன்பே வீரியம் போகலாம், அதனால் தினமும் முதல் ஸ்கோப்புக்கு முன் ஸ்ட்ரிப் போட வேண்டும். ஓபிஏ 0.3 சதவீதத்துக்குக் கீழே போனால் 3ஆம் நாளானாலும் கொட்டிவிட வேண்டியதுதான். குறைகிறதே என்று புது கேனிலிருந்து ஊற்றி நிரப்பினால் 14 நாள் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஸ்ட்ரிப் பாட்டிலுக்கும் ஆயுள் உண்டு. நாங்கள் வாங்குவதில் திறந்து 90 நாள், அதையும் மூடியில் எழுதி வையுங்கள்.

குளூட்டரால்டிஹைடின் நெடி கண்ணையும் மூச்சையும் பிடிக்கும். ஏசி போட்டு ஜன்னலை மூடிய சின்ன ரூமில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேலை பார்க்காதீர்கள், எக்ஸாஸ்ட் கேட்டு வாங்குங்கள். ஓபிஏவில் நெடி குறைவு, ஆனால் கையில் பட்டால் சாம்பல் நிறத்தில் கறையாகும். நீளக் கையுறை, ஏப்ரன், மாஸ்க், கண்ணாடி நான்கும் வேண்டும். பழைய கெமிக்கலை அப்படியே வாஷ்பேசினில் கொட்டக் கூடாது. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகச் செயலிழக்க வைத்த பிறகுதான் வெளியே விட வேண்டும்.

7. நம் தண்ணீர்

கெமிக்கலில் இருந்து எடுத்ததும் நன்றாக, தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும், ஓபிஏ என்றால் மூன்று தடவை. சரியாக அலசாத குளூட்டரால்டிஹைடு குடலைப் புண்ணாக்கிவிடும். நோயாளி மறுநாள் வயிற்று வலி, ரத்தபேதி என்று வந்து நிற்பார்.

ஆனால் எந்தத் தண்ணீரில் அலசுகிறோம்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சானலுக்குள் உப்புப் படியும், அந்தச் சொரசொரப்பில் கிருமி தங்கும். கும்பகோணம் பக்கம் வாய்க்கு நல்ல தண்ணீர்தான், ஆனால் மொட்டை மாடி டேங்கிலிருந்து குழாயில் வரும்போது சூடோமோனாஸ் கூடவே வரலாம். ஆர்ஓ போட்டிருக்கிறோம் என்பது பதில் ஆகாது, ஆர்ஓவிலிருந்து வந்து ஒரு டிரம்மில் நாலு நாள் நின்றால் அதுவும் டேங்க் தண்ணீர்தான். கடைசி அலசலுக்கு 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீர், அல்லது ஸ்டெரைல் வாட்டர். ஃபில்டர் மாற்றிய தேதியையும் ரிஜிஸ்டரில் ஏற்றுங்கள்.

8. உலர்த்துவது

70 சதவீத ஆல்கஹாலைச் சானல்களில் செலுத்தி, பிறகு எண்ணெய் கலக்காத மெடிக்கல் ஏர் விட வேண்டும். நாள் முடிந்து தொங்கவிடும் முன் குறைந்தது 10 நிமிடம். ஐப்பசி, கார்த்திகையில் துணியே நாலு நாள் காயாத ஊரில் ஒன்றரை மீட்டர் குழாயின் உள்பக்கம் தானாகக் காயாது.

வால்வுகளைக் கழற்றி, வளைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் நீளமாகத் தொங்கவிடுங்கள், நுனி தரையில் இடிக்கக் கூடாது. ஸ்கோப் வந்த பெட்டி இருக்கிறதே, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தது, அது லாரியில் அனுப்பத்தான். எங்கள் ரூமில் தினமும் சாயங்காலம் பத்திரமாக அதில் சுருட்டி வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், திருட்டுப் போகாமல் இருக்க. அந்த ஸ்பாஞ்சைக் கழுவவும் முடியாது, காயவைக்கவும் முடியாது.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. காற்று கம்ப்ரஸரும் ஃபில்டர் மோட்டாரும் ஜெனரேட்டர் லைனில் இருக்கின்றனவா என்று ஒருநாள் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

9. கூடவே போகும் சாமான்கள்

பயாப்சி ஃபோர்செப்ஸ் சதையைக் கிள்ளுகிறது, அதனால் அதற்குக் கெமிக்கலில் ஊறவைப்பது போதாது. ஆட்டோகிளேவ், இல்லையென்றால் ஒருமுறை உபயோகித்து எறிவது. ஸ்கோப்புக்குத் தண்ணீர் கொடுக்கும் வாட்டர் பாட்டிலைத் தினமும் ஸ்டெரைல் செய்து, உள்ளே ஸ்டெரைல் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். வால்வுகளை எந்த ஸ்கோப்போடு கழுவினீர்களோ அதோடேயே வைத்திருங்கள்.

10. ஈஆர்சிபி ஸ்கோப் இருந்தால்

பித்தக் குழாய், கணையக் குழாய்க்குப் போடும் ஸ்கோப் இது, அதன் நுனியில் கருவிகளைத் தூக்கிவிடும் ஒரு குட்டி நெம்புகோல் உண்டு. அதன் பின்பக்கம் பிரஷ் போவதே கஷ்டம். முறையாகக் கழுவியும் இந்த ஸ்கோப்பால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பரவியதாக 2015இல் அமெரிக்காவின் எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரித்தது. 2019இல், நுனியைக் கழற்றி எறியும் மாடல்களுக்கு மாறச் சொன்னது. நெம்புகோலைத் தூக்கி ஒருமுறை, இறக்கி ஒருமுறை என்று முன்னும் பின்னும் தனிப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, இரண்டு வாரமாவது தெரிந்த ஒருவரின் கூட நின்று செய்யுங்கள்.

11. “பாசிட்டிவ்” நோயாளி

ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் உள்ளவரைக் கடைசியில் எடுப்பது, அவருக்கு மட்டும் இரண்டு தடவை கழுவுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அப்படியென்றால் மற்றவர்களுக்கு ஒரு தடவை குறைவாகக் கழுவுகிறோம் என்று அர்த்தம். டெஸ்ட் எடுக்காதவருக்கும், எடுத்து நெகட்டிவ் வந்த புதுத் தொற்றுக்காரருக்கும் நெற்றியில் எழுதியிருக்காது. எல்லோருக்கும் ஒரே கழுவல். 2017 ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி ஹெச்ஐவி டெஸ்ட்டுக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும், முடிவை லிஸ்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டக் கூடாது.

12. செலவு கேட்கும்போது

ஓபிஏ விலை அதிகம் என்பார்கள். ஒரு ஸ்கோப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். கேன் மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 14 நாளில் அறுபது ஸ்கோப் போட்டால் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். பிரஷ், என்சைம், ஸ்ட்ரிப், ஆல்கஹால் எல்லாவற்றையும் இப்படியே பிரித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள், பக்கத்திலேயே ஸ்கோப் பழுது கொட்டேஷனின் நகலையும் வையுங்கள். எங்கள் மேனேஜர் அதற்கப்புறம் ஸ்ட்ரிப்புக்கு ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை.

13. கல்ச்சர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்கோப்பின் சானலில் 20 மில்லி ஸ்டெரைல் சலைனை விட்டு, நுனியில் ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து, மைக்ரோபயாலஜி லேபுக்கு அன்றே அனுப்புங்கள். வாட்டர் பாட்டிலிலிருந்தும் கடைசி அலசல் தண்ணீரிலிருந்தும் ஒவ்வொன்று. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், சனிக்கிழமை அனுப்பாதீர்கள். ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஒரு சானலுக்கு 20 கிருமிக் காலனிக்குக் குறைவாக இருக்க வேண்டும், சூடோமோனாஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எங்களுக்கு முதல் தடவை சூடோமோனாஸ் வந்தது. பெட்டியை ஒழித்துத் தொங்கவிட ஆரம்பித்தோம், மறுபடியும் வந்தது. அப்புறம்தான் வாட்டர் பாட்டிலைப் பிடித்தோம், வாரத்துக்கு ஒருமுறைதான் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், மூடியின் ரப்பருக்கு அடியில் வழவழவென்று இருந்தது. மூன்றாவது கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. உங்களுக்கும் பாசிட்டிவ் வந்தால் அந்த ஸ்கோப்பை அன்றே நிறுத்தி, சிவப்பு அட்டை கட்டி, டாக்டரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டரிடமும் எழுத்தில் கொடுங்கள். முந்தைய சுத்தமான கல்ச்சர் தேதியிலிருந்து அந்தச் சீரியல் நம்பரில் பார்த்த நோயாளிகளின் பட்டியலை ரிஜிஸ்டரிலிருந்து எடுத்து, கூடவே இணைத்துவிடுங்கள்.